பி.எஸ்சி. இயற்பியல்: மாறாத வினாத்தாள்

2019 மே 20 அன்று பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களின் இரண்டு பாடங்களில் அடிப்படை வரையறைகள் ஒரே நாளில் மாறின. அதுவரை வெப்பநிலையின் அலகான கெல்வினை நீரின் மும்மைப் புள்ளியிலிருந்து பெற்றோம். அந்தப் புள்ளி மிகச்சரியாக 273.16 கெல்வின் என்று வைத்துக்கொண்டிருந்தோம். ஆம்பியருக்கு இரண்டு கம்பிகள் வேண்டியிருந்தன. வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் முடிவிலா நீளக் கம்பிகளுக்கிடையே மீட்டருக்கு 2×10⁻⁷ நியூட்டன் விசை தோன்றினால், அவற்றில் ஓடுவது ஓர் ஆம்பியர். அன்று முதல் கெல்வின் போல்ட்ஸ்மன் மாறிலியின் மதிப்பான 1.380649×10⁻²³-இலிருந்தும், ஆம்பியர் ஒற்றை எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.602176634×10⁻¹⁹ கூலுமிலிருந்தும் பெறப்படுகின்றன. நாங்கள் 4π×10⁻⁷ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய வெற்றிடத்தின் உட்புகுதிறன்கூட இப்போது அளந்து அறியவேண்டிய எண்ணாகிவிட்டது. வித்தியாசம் பத்தாவது இலக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கல்லூரி ஆய்வுக்கூடத்து மீட்டர் எதுவும் அதைக் காட்டாது. ஆனாலும் வெப்ப இயக்கவியலும் மின்காந்தவியலும் பாடமாக நடக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் அன்றைக்கு ஒரு பேச்சு எழுந்திருக்க வேண்டும். நான் விசாரித்த இடங்களில் எழவில்லை. காரணம் எளியது: தேர்வில் அது வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. படித்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை இதே பாடங்களை நடத்தினேன். இந்த நாற்பது ஆண்டுகளில் மாறியவை ஏராளம்.

அலகுகளிலிருந்தே தொடங்கலாம். எங்கள் வெப்பவியல் கலோரியில் நடந்தது. பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி, நீராவிக்கு 540. கலோரியிலிருந்து எர்க்குக்குப் போக 4.2×10⁷-ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் முழுக் கணக்கும் போச்சு. மின்னியலில் தொல்லை இரட்டிப்பு. நிலைமின்னியலுக்கு இ.எஸ்.யூ., காந்தவியலுக்கு இ.எம்.யூ. என்று இரண்டு குடும்பங்கள். ஓர் இ.எம்.யூ. மின்னோட்டம் 10 ஆம்பியர். ஒரு கூலும் 3×10⁹ இ.எஸ்.யூ. மின்னூட்டம். இந்த அட்டவணையைப் பாராமல் ஒப்பிப்பவன்தான் வகுப்பில் கெட்டிக்காரன்.

அந்த அட்டவணைக்குள் பெரிய கதை ஒன்று இருந்தது. இரண்டு குடும்பங்களின் மின்னூட்ட அலகுகளுக்கிடையே உள்ள விகிதம் 3×10¹⁰, அதாவது வினாடிக்கு சென்டிமீட்டரில் ஒளியின் திசைவேகம். 1856-இல் வெபரும் கோல்ராஷும் லெய்டன் ஜாடியையும் கால்வனாமீட்டரையும் வைத்து அந்த விகிதத்தை அளந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த எண்ணைத் தம் கோட்பாட்டில் பொருத்திப் பார்த்த மேக்ஸ்வெல், ஒளியே மின்காந்த அலைதான் என்ற முடிவுக்கு வந்தார். அந்த எண்ணை மாற்றல் காரணியாக மனப்பாடம் செய்த எங்களுக்கு, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இன்றைய மாணவருக்கு எஸ்.ஐ. மட்டும் போதும். பர்செல் எழுதிய பெர்க்லி மின்காந்தவியல் நூல்கூட 1965-இல் சி.ஜி.எஸ். அலகில் வந்தது, 2013-இல் வெளியான மூன்றாம் பதிப்பு எஸ்.ஐ.க்கு மாறிவிட்டது. மாற்றம் நல்லது, சந்தேகமில்லை. ஒளியின் திசைவேகம் இப்போது வேர்க்குறிக்குள் உட்புகுதிறனும் விடுதிறனும் சேர்ந்த சூத்திரமாக நிற்கிறது. அதையும் மாணவர்கள் மனப்பாடம்தான் செய்கிறார்கள்.

கணக்குப் போட எங்களிடம் இருந்தது கிளார்க்ஸ் டேபிள்ஸ் என்ற லாக் அட்டவணை. பத்து கிராம் பனிக்கட்டி 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி நீராவியாக மாறும்போது என்ட்ரோபி எவ்வளவு கூடும் என்பது அப்போது எல்லோரும் போடும் கணக்கு. உருகுவதற்கு 80-ஐ 273-ஆல் வகுக்க வேண்டும். சூடாவதற்கு 373-க்கும் 273-க்கும் உள்ள விகிதத்தின் லாக் எடுத்து 2.303-ஆல் பெருக்க வேண்டும். ஆவியாவதற்கு 540-ஐ 373-ஆல் வகுக்க வேண்டும். கூட்டிப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 20.5 கலோரி பெர் டிகிரி. ஒவ்வொரு படியிலும் விரல் அட்டவணையில் ஊர்ந்து எண்ணைத் தேடியதால் ஒரு விஷயம் தானாகப் புலப்பட்டது. மொத்த உயர்வில் பத்தில் ஏழு பங்கு அந்தக் கடைசிப் படியில், நீர் ஆவியாகும்போது வருகிறது. நூறு டிகிரி சூடேற்றியும் கிடைப்பது அதில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. இன்று கால்குலேட்டரில் ஒரே வரியில் விடை வந்துவிடுகிறது. மூன்று உறுப்புகளையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள் என்று நான் வகுப்பில் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

அதே சமயம், என்ட்ரோபி என்றால் என்ன என்று அன்று கேட்டிருந்தால் வகுப்பில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. கிளாசியஸ் 1865-இல் தந்த வரையறையை, வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துத் தொகையிடு என்பதை, அப்படியே எழுதுவோம். வியன்னா கல்லறையில் போல்ட்ஸ்மனின் சிலைக்கு மேல் பொறித்திருக்கும் சூத்திரம் வேறொரு ஆண்டில், வேறொரு பாடத்தில், வேறொரு ஆசிரியரால் வரும். இரண்டும் ஒன்றையே பேசுகின்றன என்று முடிச்சுப் போட ஆள் இல்லை. இன்றைய மாணவி ஃபோனில் ஓர் அசைபடத்தைத் திறக்கிறாள். தடுப்பை எடுத்ததும் மூலக்கூறுகள் பெட்டி முழுவதும் பரவுகின்றன. அவை ஏன் திரும்பிப் போய் ஒரு பக்கமாகக் குவிவதில்லை என்று கேட்கிறாள். எங்கள் தலைமுறைக்கு எம்.எஸ்சி.யில் தோன்றிய கேள்வி அது.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் முதலில் கற்றது காத்திருப்பதை. அரிதிற்கடத்தியின் வெப்பங்கடத்து திறனைக் காணும் லீஸ் டிஸ்க் சோதனையில், கொடியில் தொங்கவிட்டதுபோல் ஒரு பித்தளைத் தட்டு மூன்று நூல்களில் தொங்கும். அதன்மேல் வட்டமாக வெட்டிய அட்டை, அட்டைக்கு மேலே நீராவி அறை. கொதிகலனிலிருந்து ரப்பர் குழாய் வழியே ஆவி வரும். மேலும் கீழும் இருக்கும் இரண்டு வெப்பமானிகளும் அசையாமல் நிற்கும்வரை முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பின் அட்டையை எடுத்துவிட்டு, தட்டை நேராகச் சூடாக்கி, நிலைவெப்பநிலைக்கு மேல் பத்து டிகிரி ஏற்றி, குளிரவிட்டு, ஸ்டாப் கிளாக்கைப் பார்த்து டிகிரி டிகிரியாகக் குறிப்போம். வரைபடத் தாளில் குளிர்வுக் கோடு வரைந்து தொடுகோட்டின் சாய்வை எடுப்போம். மின்விசிறியைப் போட்டால் குளிர்வு வேகம் மாறிவிடும். அதனால் மே மாதப் பிராக்டிகல் தேர்விலும் மின்விசிறி கிடையாது. நியூட்டனின் குளிர்தல் விதி காற்றோட்டத்தைப் பொறுத்தது என்பதை நாங்கள் சட்டை நனையத் தெரிந்துகொண்டோம்.

மின்னியல் பக்கம் பாலிஸ்டிக் கால்வனாமீட்டர். ஜன்னல்களை அடைத்த அறையில், கண்ணாடி அளவுகோலின்மீது ஒளிப்பொட்டு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். அது பூச்சியத்துக்கு வந்து நிற்கும்வரை அடுத்த அளவீடு எடுக்க முடியாது. சாவியைச் சரியான நொடியில் தட்டிச் சுருளைக் குறுக்குச்சுற்றாக்கினால் பொட்டு சட்டென்று அடங்கும். அப்படித் தட்டத் தெரிந்த லேப் உதவியாளர் எங்கள் கண்ணில் பேராசிரியருக்கு நிகர். அது மின்காந்தத் தடையுறல் என்று புத்தகத்தில் படித்தது பிற்பாடு. பத்துக் கம்பி பொட்டன்ஷியோமீட்டரும், மயில்துத்தம் கரைத்து ஊற்றிய டேனியல் செல்லும், பிளக் சாவிகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் எல்லாக் கல்லூரிக்கும் பொது. வெப்பமானி உடைந்தால் தரையில் ஓடும் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். அது நஞ்சு என்று யாரும் தடுக்கவில்லை. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. இப்போது பல ஆய்வுக்கூடங்களில் டிஜிட்டல் வெப்பமானிதான். இதில் பழசை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை.

டேஞ்சன்ட் கால்வனாமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊருக்கென்றே அமைந்த சோதனை. சுருளின் தளத்தைப் புவிகாந்தத் திசையில் நிறுத்த வேண்டும். சாவிக்கொத்து, இரும்பு ஸ்டூல் எல்லாவற்றையும் விலக்க வேண்டும். விலக்கம் 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்படி மின்னோட்டத்தைச் சரிசெய்து புவிகாந்தத்தின் கிடைக்கூறைக் காண வேண்டும். விடை எப்போதும் 0.38, 0.39 காஸ் என்று வரும், டெஸ்லாவில் 0.38×10⁻⁴. சரியாக வந்தால் கையெழுத்து, அத்தோடு சரி. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகில் போகிறது. அதனால் நெல்லையில் புவிகாந்தம் ஏறக்குறைய முழுவதும் கிடையாகவே இருக்கிறது. நிலைக்குத்துக் கூறு மிகச் சிறியது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தன் நிலநடுக்கோட்டுப் பகுதி ஆய்வகத்தைத் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். நடுக்கோட்டுக்கு மேலே வானில் பகல் நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தை அங்கிருந்து கவனிக்கிறார்கள். நாங்கள் அளந்தது ஒரு கூறை மட்டுமல்ல, கிட்டத்தட்ட முழுக் காந்தப்புலத்தையும் என்று அன்றைக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த 0.38 எங்களோடு வாழ்நாள் முழுக்க வந்திருக்கும்.

இன்று அதே சோதனைக்குச் சட்டைப்பையே போதும். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி ஃபோனுக்குள் இருக்கும் காந்தமானியின் மூன்று அச்சு அளவீடுகளையும் காட்டுகிறது. பாளையங்கோட்டையில் ஒரு திறந்த மைதானத்தில், இரும்பு ஏதும் பக்கத்தில் இல்லாமல் ஃபோனைத் தட்டையாக வைத்தால், மொத்தம் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி வரும். மேல்கீழ் அச்சில் சொற்பமே இருக்கும். டில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்தில் உருவான எக்ஸ்பைஸ் என்ற சிறு பெட்டியைக் கணினியோடு இணைத்து, சுருளின் வழியே ஒரு காந்தத்தைப் போட்டால், தூண்டப்பட்ட மின்னழுத்தம் மேலே ஒரு முகடும் கீழே ஒரு பள்ளமுமாகத் திரையில் நிற்கிறது. பள்ளம் முகட்டைவிட ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், ஏனென்றால் வெளியேறும்போது காந்தத்தின் வேகம் கூடியிருக்கிறது. ஃபாரடே விதியும் விழும் பொருளின் முடுக்கமும் ஒரே படத்தில். எங்கள் காலத்தில் கால்வனாமீட்டர் முள் ஒருமுறை துள்ளும். அது துள்ளிய வடிவத்தைப் பார்க்க வழியில்லை. இதைப் பார்க்கிற மாணவர்மேல் எனக்கு உண்மையிலேயே பொறாமை.

புத்தகங்களிலும் அப்படித்தான். எங்களுக்குப் பிரிஜ்லால்-சுப்ரமணியத்தின் வெப்பவியல், முருகேசனின் மின்னியல். ஆழமாகப் போக வேண்டுமானால் சாகாவும் ஸ்ரீவஸ்தவாவும் எழுதிய பெரிய நூல் நூலகத்தில் இருந்தது. ஃபெய்ன்மேனின் மூன்று தொகுதிகளும் துறைத்தலைவர் அறையின் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தன. முதுகு மட்டும் தெரியும். இப்போது மூன்றும் கால்டெக்கின் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையில் வெறும் சாக்பீஸோடு நடத்திய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். வழியே உலகம் முழுக்கப் பார்க்கப்படுகின்றன. அதைவிடப் பெரிய மாற்றமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸைப் பொருள் புரியாமல் ஒப்பித்த கிராமத்துப் பிள்ளைகள் எங்களில் பாதிக்கு மேல். இன்று அதே பிள்ளையின் மகள் காஸ் விதியைத் தமிழிலேயே விளக்கும் காணொளியை, பஸ்ஸில் வரும்போது, புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள். இயற்பியல் வகுப்பில் அன்று விரல்விட்டு எண்ணும்படி இருந்த பெண்கள் இன்று நான் போகும் கல்லூரிகளில் பெரும்பான்மை. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்களில் பலரை வகுப்பில் இருத்தியிருக்கிறது.

காத்திருப்பு போய்விட்டதுதான் எனக்கு வருத்தம். கொரோனா காலத்தில் மெய்நிகர் ஆய்வுக்கூடத்தில் லீஸ் டிஸ்க் செய்த வகுப்புகளில் சுட்டியை நகர்த்தினால் இரண்டு நிமிடத்தில் நிலைவெப்பநிலை வந்துவிடும். அங்கே காற்று அடிப்பதில்லை, அட்டை ஈரம் குடிப்பதில்லை, விடை எப்போதும் சரி. அளவீட்டில் பிழை எங்கே நுழைகிறது என்று தெரியாதவருக்கு அளவீட்டின்மேல் நம்பிக்கை வைக்கவும் தெரியாது, சந்தேகப்படவும் தெரியாது. தருவித்தல்களை இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தருகின்றன. பெரும்பாலும் சரியாகவே எழுதுகின்றன. இடையில் ஒரு குறி மாறிவிட்டால் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்ட கண் வேண்டும். அது காணொளி பார்த்து வராது.

இத்தனையும் மாறிய பிறகு வினாத்தாளைப் பாருங்கள். நான் எழுதிய தேர்வுக்கும் என் மாணவர்கள் கடைசியாக எழுதிய தேர்வுக்கும் இடையில் மாறியது மதிப்பெண் பிரிப்பு மட்டும். கிளாசியஸ்-கிளாப்பிரான் உள்ளுறை வெப்பச் சமன்பாட்டைத் தருவி. நுண்துளை அடைப்புச் சோதனையை விவரி. கேரி ஃபாஸ்டர் பாலத்தின் கொள்கையை விளக்கு. மேக்ஸ்வெல்லின் பெயர் இரண்டு தாள்களிலும் வரும்: ஒன்றில் வெப்ப இயக்கவியல் தொடர்புகள், மற்றொன்றில் மின்காந்தச் சமன்பாடுகள். இரண்டும் ஒரே மனிதர் என்பதைக்கூட அறியாமல் இரண்டையும் எழுதி முதல் வகுப்பு வாங்க முடியும். மின்காந்தச் சமன்பாடுகள் நான்கும் இப்போது தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே தொகை வடிவில் இருக்கின்றன. கல்லூரியில் மறுபடியும் அதையே எழுதச் சொல்வதில் என்ன இருக்கிறது? பட்டப்படிப்பு முடித்து ஐ.ஐ.டி.களின் ஜாம் தேர்வுக்குப் போகிற நம் பிள்ளைகள் திகைத்து நிற்பது பாடம் தெரியாததால் அல்ல. அங்கே ஒவ்வொரு கேள்வியும் அதற்கு முன் பார்த்திராத ஒரு கணக்கு. இங்கே மூன்று ஆண்டுகளில் அப்படி ஒரு கணக்கை அவர்கள் சந்தித்ததே இல்லை.

தருவித்தலை ஒழிக்கச் சொல்லவில்லை. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் அதைச் செய்துகாட்டத்தான் வேண்டும். தேர்வுக் கூடத்தில் மட்டும் சமன்பாட்டைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்யத் தெரியும் என்று கேட்க வேண்டும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும்? கிளாசியஸ்-கிளாப்பிரானை வைத்து ஐந்து வரியில் 92 டிகிரி சொச்சம் வரும். அங்கே பருப்பு வேகக் குக்கர் ஏன் தேவை என்பதற்கும் அதுவே பதில். இண்டக்ஷன் அடுப்பில் இரும்புச் சட்டி சூடாகிறது, அலுமினியச் சட்டி ஏன் அப்படிச் சூடாவதில்லை? சுழல் மின்னோட்டம் இரும்பில் மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்துக்குள் அடைபட்டு அதிக மின்தடையைச் சந்திக்கிறது என்று எழுதுகிறவர் ஃபாரடே விதியைப் புரிந்துகொண்டவர். இதற்குப் புதிய கருவி வாங்க வேண்டாம், கூடுதல் நிதி வேண்டாம், பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

பாடத்திட்டக் குழுக்களிலும் வினாத்தாள் தயாரிக்கும் குழுக்களிலும் இருக்கும் நண்பர்களே, அடுத்த பருவத்துத் தேர்வில் வெப்ப இயக்கவியல் தாளிலும் மின்காந்தவியல் தாளிலும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு ஒன்றையேனும் கட்டாய வினாவாக வையுங்கள். முதல் ஆண்டு மதிப்பெண்கள் குறையும். அதற்காக அஞ்ச வேண்டாம். இரண்டாம் ஆண்டிலிருந்து வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் மாறும்.